யார் என்று கேட்காத வகுப்பு

என் அண்ணி என்ன வேலை பார்த்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிச் சமாளிப்போம். அவரிடமே கேட்டால், "ஊரான் எழுதுன ப்ரோகிராம்ல குத்தம் கண்டுபிடிக்கிறது. மாமியார் வேலைதான், ஆனா மாசம் பொறந்தா சம்பளம் வரும்" என்பார்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தார். மற்றவர்கள் எழுதி முடித்ததை வெளியே அனுப்பும் முன் அவர் கையில் கொடுப்பார்கள். அது எப்படியெல்லாம் உடையும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டால் மேலேயும் கீழேயும் இழுத்து, கோணலாகவும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். மின்சார வேலை செய்கிற என் அண்ணன், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைய டெஸ்ட் பண்ணிட்டு இருக்கா. இன்னும் பாஸ் போடல" என்று குறைப்படுவார். "பாஸ் போட்டா வெளிய அனுப்பணும்ல? அதான் கையிலயே வச்சிருக்கேன்" என்பார் அண்ணி.

நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எலியும் பூனையும்தான் என்பார்கள். எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் நாளிதழை யார் முதலில் பிரிப்பது என்பதோடு நின்றுவிட்டது. இப்போது நாளிதழ் எப்போதும் எனக்குத்தான் முதலில் கிடைக்கிறது.

அண்ணி பள்ளி ஒன்றில் பாடம் சொல்லித்தரத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தான் செய்த ஒரு பிழையை வாரக்கணக்கில் மறைத்து வைத்திருந்தாள். கடைசியில் கழிவறையில் நின்று அழுதுகொண்டிருந்தவளை அண்ணிதான் கண்டுபிடித்து அழைத்து வந்தார். பார்த்தால் சின்னப் பிழை, அரை நாளில் சரியாகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கவனிச்சிருக்கியா? ப்ரோகிராம் ஓடலைன்னா பசங்க 'இந்த மெஷின் சரியில்ல'ம்பாங்க. பொண்ணுங்க 'எனக்கு இது வராது'ம்பாங்க. இருபத்திரண்டு வயசுல வந்து என்கிட்ட சொல்றாங்க. அதுக்கு முன்னாடியே பிடிக்கணும்."

பிடித்தார். எங்கள் தெருவைத் தாண்டி இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே போய், சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாமல் கோடிங் சொல்லித் தருகிறேன் என்றார். தலைமையாசிரியை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கணினி அறையைத் திறந்து காட்டினாராம். துணி போர்த்திய கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. பாதிக்கு உயிர் இருந்தது. பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு திரைக்கு இரண்டு பேர்.

முதல் வகுப்பில் அவர் கொடுத்த கணக்கு, ஓடாத ப்ரோகிராம் ஒன்று எழுதுங்கள் என்பதுதான். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை பிழை என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தாலே முழுவதையும் அழித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்கிறவர்கள். யாருடைய சிவப்பு வரி யாருக்கும் வராத மாதிரி இருக்கிறதோ அவளுக்கு மிட்டாய் என்றார். அன்று அந்த அறையில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து அறை ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு, எழுதி முடித்ததை மாற்றிக்கொண்டு, ஒருத்தி எழுதியதை மற்றவள் உடைக்க வேண்டும் என்று வைத்தார். வயதைக் கேட்கும் ப்ரோகிராமுக்கு ஒருத்தி 'அம்மா' என்று அடித்தாள். 'உங்களுக்கு அம்மா வயது ஆகிறது' என்று திரை பதில் சொன்னது. எழுதியவளுக்கு முகம் சுருங்கியது. "இவதான் அக்கா, வேணும்னே பண்றா" என்றாள். அண்ணி பலகையில் பெரிதாக எழுதினார்: எங்கே?

"நம்ம வகுப்புல யாருன்னு கேள்வி கிடையாது. எங்கன்னு மட்டும்தான் கேக்கலாம். எந்த வரியில, எந்த இடத்துல. யாருன்னு கேட்டா அந்தப் பொண்ணு ஒளிஞ்சுக்குவா. எங்கன்னு கேட்டா எல்லாரும் தேடுவாங்க."

அதற்குப் பிறகு யாராவது பழக்கதோஷத்தில் "இவதான்" என்று வாயைத் திறந்தால், மிச்சப் பேர் "எங்க, எங்க" என்று கத்தி அவளை உட்கார வைத்துவிடுவார்களாம். இதை அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அண்ணன், "எங்க" என்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

மணி வேலை வந்தது இரண்டாம் வருடம். பள்ளி மணியை அடிப்பவர் அங்கே இருக்கும் ஆயா. மாடியில் இருக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்ததும் கீழே இறங்கிப் போய்ப் பொத்தானை அமுக்குவார். முழங்கால் வலி. அவர் இறங்கி வருவதற்குள் ஒரு பாடம் இன்னொரு பாடத்தைத் தின்றுவிடும். "உங்க பிள்ளைங்களை இதுக்கு ஒரு ப்ரோகிராம் எழுதச் சொல்லுங்களேன்" என்று தலைமையாசிரியைதான் கேட்டார். ஆயாவுக்கு வேலை போய்விடுமோ என்று அண்ணி அவரிடமே போய் விசாரித்தார்.

"மணி அடிக்கிறது என் வேலையில பத்துல ஒண்ணும்மா. மிச்ச ஒன்பதையும் சேத்து எடுத்துக்கச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்" என்றார் ஆயா.

பிள்ளைகள் ஒரு மாதம் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். ஒவ்வொரு இணைக்கும் ஒரு துண்டு வேலை. அண்ணன் போய் மணியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்தார். சோதித்துப் பார்க்க ஒரு பள்ளி நாள் முழுவதும் உட்கார முடியாது இல்லையா? அதனால் நிமிடத்தை வினாடியாகச் சுருக்கச் சொன்னார் அண்ணி. மணிக்குப் பதிலாக மேசை மேல் ஒரு சின்ன விளக்கு. நாற்பது வினாடிக்கு ஒரு தடவை விளக்கு மினுக்கும். ஏழு நிமிடத்தில் பள்ளி விட்டுவிடும். கடைசி மணிக்கு விளக்கு நீளமாக எரிந்தபோது பதினான்கு பேரும் கைதட்டினார்கள். வினாடியைத் திரும்ப நிமிடமாக மாற்ற வேண்டிய வேலை ஒருத்தியுடையது. அவள் மாற்றவும் செய்தாள். ஆனால் மாற்றியது ஒரு நகலில். மணியோடு இணைத்த கம்ப்யூட்டரில் பழையதுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை போய்த் தொடங்கி வைத்தார். யாரும் கைவைக்கக் கூடாது என்று கணினி அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று போய்விட்டார்.

முதல் மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் போய் உட்காருவதற்குள் இரண்டாம் மணி. கணக்கு டீச்சர் உள்ளே நுழைய, அறிவியல் டீச்சர் பின்னாலேயே வந்து நின்றார். மூன்றாம் மணிக்கு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கோடிங் பெண்களுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அறைக் கதவில் பூட்டு. சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீண்ட மணி அடித்துவிட்டது. வாட்ச்மேன் பல வருடமாக அந்த மணியைக் கேட்டுத்தான் கேட்டைத் திறப்பார். அன்றும் திறந்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சின்ன வகுப்புகளில் சிலர் சமர்த்தாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எல்லோரையும் திரும்பக் கூட்டி வந்து எண்ணியபோது ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குறைந்தாள். ஆயாதான் முழங்கால் வலியோடு தேடிப் போனார். பெரிய சாலையைத் தனியாகத் தாண்டி, பூட்டியிருந்த தன் வீட்டுப் படியில், மதியச் சாப்பாட்டைத் தின்று முடித்து உட்கார்ந்திருந்தாளாம் அந்தக் குழந்தை. "ஸ்கூல் விட்டாச்சே" என்றாளாம்.

அந்தக் காலையில் அண்ணியும் நானும் மருத்துவமனையில் இருந்தோம். முன்பு ஒரு தடவை வந்து போன நோய் திரும்பி வந்திருப்பதாக டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மருந்து தள்ளிப்போடும், தடுக்காது என்றார். அண்ணியின் கைப்பேசி அடித்தது. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று எடுத்துப் பேசினார். வைத்துவிட்டு, "மீதியை நாளைக்குக் கேட்டுக்கலாமா?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியையின் அறையில் யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"யாரு?" என்றார் அவர்.

"எங்கன்னு தெரிஞ்சுபோச்சு மேடம். வர்ற வழியில போன்லயே கேட்டுட்டேன். அந்த வரியைக் காட்டறேன்."

"வரி எனக்கு வேண்டாம். பேரு வேணும். அந்தக் குழந்தையோட அப்பா வந்து என் முன்னாடி நிப்பாரு. அவர்கிட்ட நான் வரியையா காட்டறது?"

"என் பேரைச் சொல்லுங்க. பொறுப்பு என்னோடதுதானே?"

"எழுதுனது நீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னையப் பொய் சொல்லச் சொல்றீங்க."

வெளியே ஆயா அந்தக் குழந்தையின் முகத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். பேரு வரலைன்னா அந்த ரூமைப் பூட்டிடுவேன். நீங்க ஓசியில சொல்லித் தர்றீங்க, அதுக்கு நன்றி. ஆனா என் பிள்ளைங்க ரோட்டுல நிக்கக் கூடாது" என்றார் அவர். அவர் சொன்னதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

"அண்ணி, யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"சொல்லிடுங்களேன். ஒரு பொண்ணுக்காக மிச்சப் பதிமூணு பேருக்கும் வகுப்பு போகணுமா? அதிகபட்சம் என்ன, ஒரு திட்டு. பெத்தவங்களைக் கூப்பிடுவாங்க."

"அவ அப்பா கூப்பிட்டதும் வந்துடுவாரு. வந்து நாளையிலேர்ந்து சனிக்கிழமை வீட்டுல இருன்னு சொல்லிடுவாரு. ஏற்கெனவே அரை மனசோடதான் அனுப்பறாரு." ஓரமாக ஒதுங்கி ஒரு ஸ்கூட்டருக்கு வழி விட்டார். "அதை விடு. நான் ஒரு பேரைச் சொன்னா, மிச்சப் பதிமூணு பேரும் ஒண்ணு கத்துக்குவாங்க. அதைக் கத்துக்கிட்டுத்தான் அந்தப் பொண்ணு எங்க ஆபீஸ் பாத்ரூம்ல நின்னா."

"உங்களுக்குன்னு இருக்கறது இந்த வகுப்பு ஒண்ணுதானே அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆமா, நாத்தனாரே" என்றார். கோபம் வந்தாலும் அன்பு வந்தாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "அதனாலதான் அதைக் கெடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு பாக்கறேன்."

அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகத் தூங்கவில்லை. நோயினாலா இதனாலா என்று அண்ணனும் நானும் தனித்தனியாக யோசித்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலை குளித்து, தலை வாரி, நல்ல புடவையாக எடுத்துக் கட்டினார். வகுப்பை முடித்து வைக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. நானும் கூடப் போனேன்.

தலைமையாசிரியையின் அறை வாசலில் பதினான்கு பெண்களும் நின்றிருந்தார்கள். உள்ளே குழந்தையின் அப்பா உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார். பெண்களில் எதற்கும் வாதாடுகிற ஒருத்திக்கு வகுப்பில் வக்கீல் என்று பட்டப்பெயர். அவள் முன்னால் வந்தாள். பத்தாம் வகுப்பு.

"மிஸ், நாங்க தேடிப் பார்த்தோம். மொத்தம் அஞ்சு இடம் இருக்கு."

"என்ன அஞ்சு இடம்?"

"தப்பு நடந்த இடம் மிஸ். ஒண்ணு, நிமிஷத்தை நகல்ல மாத்தி, மணி இருக்கிற கம்ப்யூட்டர்ல மாத்தாதது. ரெண்டு, நாங்க விளக்குல மட்டும்தான் பார்த்தோம், மணியில ஒரு தடவைகூடப் பார்க்கல. மூணு…" நின்றாள். பின்னாலிருந்து ஒருத்தி அவள் முதுகில் விரலால் குத்தினாள். "மூணாவது, ரூமைப் பூட்டுனது. ரெண்டாவது மணிக்கே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு மிஸ். ஓடி வந்தோம். நிறுத்த முடியல. சாவி உங்ககிட்ட இருந்துச்சு."

தலைமையாசிரியை மேசை மேலிருந்த சாவிக்கொத்தை இழுப்பறைக்குள் போட்டார். அவள் தொடர்ந்தாள்.

"நாலு, வாட்ச்மேன் மாமா மணியைக் கேட்டுத் திறக்கறாரு, நேரத்தைப் பாத்து இல்ல. அஞ்சு, சின்ன வகுப்புல வெளிய போறப்ப யாரும் எண்ணறதில்ல."

"ஆறாவது ஒண்ணு இருக்கு" என்றார் அண்ணி. "நேரத்தைச் சுருக்கச் சொன்னது நான். திருப்பி மாத்தினதை இன்னொருத்தர் பாக்கணும்னு சொல்லாம விட்டேன். எங்க ஆபீஸ்ல நான் இப்படி விடமாட்டேன். பிள்ளைங்கதானேன்னு இங்க விட்டுட்டேன்." ஓட்டுநரின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க. பாப்பா ரோட்டைத் தாண்டுனதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரல."

அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "அந்த ரோட்டுல நான்தான் பஸ் ஓட்டறேன்" என்றார். பிறகு, "யாரு எழுதுனாங்கன்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? நேரம் பாத்து கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. குழந்தைங்களை எண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தலைமையாசிரியை வாசல் வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். "மணியை இனிமே ஆயாதான் அடிப்பாங்க" என்றார் கடைசியில். "உங்க ப்ரோகிராம் அவங்க பக்கத்துல விளக்கை மட்டும் எரிக்கட்டும். ஒரு மாசம் பாக்கலாம். போங்க, வகுப்புக்கு நேரமாச்சு." பேரை அவர் கேட்கவில்லை. மணிப் பொத்தானை மாடிக்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அண்ணனுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்.

ஆயா வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விளக்கு ஒண்ணு சொல்லி, கடிகாரம் ஒண்ணு சொன்னா நான் எதை நம்பறது?"

"எங்களைக் கூப்பிடுங்க ஆயா" என்றாள் வக்கீல்.

"கூப்பிட்டா வந்து எங்க எங்கன்னு கத்துவீங்க. அதுக்கு நானே அடிச்சுட்டுப் போயிடுவேன்."

அண்ணி அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். நிற்க முடிந்தவரை நின்று சொல்லிக்கொடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து. கடைசி வாரங்களில் பெண்கள் வீட்டுக்கு வந்து, படுக்கைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து, தாங்கள் எழுதியதை உடைக்கச் சொல்லிக் காட்டுவார்கள். அவர் ஒரு விரலால் எதையாவது அடிப்பார். திரை சிவப்பாகும். பெண்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நிமிடத்தை நகலில் மாற்றிய அந்தப் பெண் யாரென்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க எல்லோரும் வந்து போன பிறகு, ஒரு மாலையில் தலைமையாசிரியை தனியாக வந்தார். டீயை வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பொண்ணு மறுநாளே என்கிட்ட வந்துட்டா. செவ்வாய்க்கிழமை காலையில, நான் ரூமைத் திறக்கறதுக்கு முன்னாடியே நின்னுட்டு இருந்தா. நான்தான் மிஸ்னு சொல்லிட்டு, எந்த இடத்துல தப்பாச்சுன்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டுனா. அழவே இல்ல."

"அப்ப ஏன் சனிக்கிழமை வரைக்கும்…"

"அவ போனப்புறம் அந்தப் பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. பெத்தவங்களைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன். வச்சுட்டேன்." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "உங்க அண்ணிகிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். நான்தான் மிரட்டுனேன், நானே போய் எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். அவங்க இந்தச் சேதியைக் கேட்டிருக்கணும்."

ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சூடாக்கிக் கொண்டுவந்தபோது வாங்கிக் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, "பேரைச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

வகுப்பு இப்போதும் நடக்கிறது. அண்ணியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். அன்று கழிவறையில் நின்று அழுதவள்தான் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. பழைய பதினான்கு பேரில் ஒன்பது பேர் இன்னும் அங்கே படிக்கிறார்கள். அவர்கள்தான் சின்ன வகுப்புப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அறையைத் திறப்பதும், முடிந்ததும் துணியைப் போர்த்திப் பூட்டுவதும் என் வேலை. நடுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியாக அவள் இருக்கலாம். படித்து முடித்துப் போய்விட்ட ஐந்து பேரில் ஒருத்தியாகவும் இருக்கலாம். ஒருத்தி குனிந்து ஒரு சின்னப் பெண்ணுக்கு வரியைக் காட்டும்போது, இவளாக இருக்குமோ என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் அடுத்தவளைப் பார்த்தும் அதேதான் தோன்றும். அதனால் ஒன்பது பேருக்கும் தண்ணீர் கொண்டுபோய் வைக்கிறேன்.